நன்கொடைச் சைக்கிளோட்டம்: தீவைச் சுற்றலாமா, மலாக்காவுக்குப் போகலாமா, நின்ற இடத்திலேயே மிதிக்கலாமா?

பலதுறைத் தொழிற்கல்லூரியின் தமிழ் மன்றமோ, பல்கலைக்கழக விடுதியின் தொண்டூழியக் குழுவோ, ஓர் அறநிறுவனத்துக்காகச் சைக்கிளோட்டம் நடத்தலாம் என்று முடிவெடுத்ததும் எழும் கேள்வி, எங்கே ஓட்டுவது என்பது. கூட்டத்தில் இருவராவது மலாக்கா என்பார்கள். இன்னொருவர், சாங்கியிலிருந்து ஜொகூரின் பெங்கேராங்குக்குப் போகும் படகைப் பற்றிப் பேசுவார். சிங்கப்பூரைச் சுற்றுவதில் என்ன சுவாரசியம் என்று ஒரு குரல் கேட்கும். ஓட்டத் தெரிந்தவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள். இதுவரை 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியே இராதவர் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். ஆனால் வழியைத் தீர்மானிக்க வேண்டியது அவரை வைத்துத்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் முறை நடத்தும் குழு தீவைச் சுற்றுவதே சரி. உறுப்பினர் எல்லாரும் ஒரே நாளில் 100 கிலோமீட்டர் ஓட்டியிருந்து, பின்னால் வர வேனும் இருந்தால் மலாக்கா பொருந்தும். பெங்கேராங் சுலபமாகத் தெரியும், ஆனால் ஏற்பாட்டில்தான் கழுத்தறுக்கும். மண்டபத்துக்குள் நின்ற இடத்தில் மிதிப்பது பலருக்கு இளக்காரம். செலவைக் கழித்துவிட்டுக் கையில் மிஞ்சும் தொகையைப் பார்த்தால் பெரும்பாலும் அதுதான் முன்னால் நிற்கும்.

தீவைச் சுற்றுவது

சாலை வழியே முழுச் சுற்று ஏறத்தாழ 120 கி.மீ. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் கிளம்பி சாங்கி, பாசிர் ரிஸ், பொங்கோல், ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ், கிராஞ்சி, லிம் சூ காங், ஜூரோங், வெஸ்ட் கோஸ்ட், தெலோக் பிளாங்கா என்று வந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும். இந்தத் திசையில், அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால் திருப்பங்களில் பெரும்பாலானவை இடப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் திரும்ப மூன்று தடம் தாண்டிப் போக வேண்டிய வேலை குறையும். இன்னொரு லாபமும் உண்டு. ஆள் நடமாட்டமும் கடையும் குறைந்த கிராஞ்சி, லிம் சூ காங் பகுதி நடுவில் வரும். களைத்துப்போய்ப் பாதியில் நிறுத்துபவர்கள் அதிகமாக இருக்கும் கடைசி 30 கிலோமீட்டரில் உணவங்காடிக்கும் ரயில் நிலையத்துக்கும் பஞ்சமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும். அன்று பேருந்துத் தடக் கட்டுப்பாடு கிடையாது, லாரிகளும் குறைவு. மிதிக்கும்போது மணிக்கு 22 கி.மீ. போனாலும் சிவப்பு விளக்கும் ஓய்வும் சேர்ந்து சராசரி 18க்கு இறங்கிவிடும். அந்தக் கணக்கில் 60 கி.மீ. தாண்டி உட்லண்ட்ஸ் வரும்போது மணி 8.20 ஆகும். அரை மணி நேரம் காலை உணவு, பிறகு லிம் சூ காங். வெயில் சுள்ளென்று ஏறும் 11 மணிக்கு ஜூரோங்கைத் தாண்டியிருக்க வேண்டும். நண்பகலை ஒட்டி ஓட்டம் முடிந்துவிடும். 6 மணிக்குக் கிளம்பினால் இதே ஓட்டம் வேறு ஓட்டமாகிவிடும், கடைசி ஒன்றரை மணி நேரம் உச்சி வெயிலில் போகும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் வெப்ப அழுத்த அளவு 33 டிகிரியைத் தொட்டால் அது உயர்நிலை. அப்போது ஓட்டத்தைப் பாதியிலேயே முடித்துக்கொள்ளும் அதிகாரம் யாருக்கு என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

சாங்கி வில்லேஜ் நாசி லெமாக்கை மறந்துவிடுங்கள். 20 கிலோமீட்டரிலேயே தேங்காய்ப்பால் சோறு வயிற்றுக்குள் போனால் செம்பவாங் வரை அது உங்களோடு பேசிக்கொண்டே வரும். ஈசூனிலோ உட்லண்ட்ஸிலோ இரண்டு தோசையும் பால் சேர்க்காத ஒரு தே-ஓவும் போதும்.

2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, சாலையில் ஒற்றை வரிசை என்றால் ஒரு குழுவுக்கு ஐந்து பேர்தான். இருவர் இருவராகப் போகும் இடத்தில் பத்துப் பேர் வரை போகலாம். ஒரே ஒரு தடம் உள்ள சாலையிலும், இயங்கும் நேரத்தில் பேருந்துத் தடத்திலும் ஒற்றை வரிசை கட்டாயம். இரு குழுக்களுக்கு இடையில் இரண்டு விளக்குக் கம்பத் தூரம், சுமார் 30 மீட்டர், விடச் சொல்கிறார்கள். ஆக, 20 பேர் என்றால் நான்கு குழு, நான்கு தலைவர், நான்கு கடைசி ஆள். குழுக்களைப் பத்து நிமிட இடைவெளியில் அனுப்புவது நல்லது. ஒன்றாகக் கிளப்பினால் முதல் சிவப்பு விளக்கிலேயே இருபது பேரும் ஒரே கொத்தாகச் சேர்ந்துவிடுவார்கள்.

குழு உடைவதும் விளக்கில்தான். முன்னால் போகும் இருவர் மஞ்சளில் தாண்டிவிட, பின்னால் வரும் மூவர் விட்டுப்போகக் கூடாதே என்று சிவப்பில் பாய்வார்கள். இதற்கு ஒரே மருந்து, மஞ்சளைக் கண்டால் தலைவர் நிற்பது. தப்பித்தவறித் தாண்டிவிட்டால் அடுத்த பேருந்து நிறுத்தத்தைக் கடந்து ஓரமாக ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும்.

அதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. இடக்கோடித் தடம் திடீரென்று விரைவுச்சாலைக்குள் ஏறும் இணைப்பாக மாறும் சந்திப்பு அது. விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நேரே போக வேண்டியவர் இடப்பக்கமே ஒட்டிப் போனால் பின்னால் வேகமெடுக்கும் காருக்கு முன்னால் மாட்டிக்கொள்வார். பாதையை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் இருவர் இத்தகைய சந்திப்புகளை வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் தடம் மாறுவதா, இறங்கிப் பாதசாரிக் கடப்பில் தள்ளிக்கொண்டு போவதா என்று எழுதி வைக்க வேண்டும். புதியவர்கள் உள்ள குழு தள்ளிக்கொண்டே போகட்டும்.

சாலையே வேண்டாம், பூங்கா இணைப்புப் பாதையிலேயே சுற்றலாமே என்ற யோசனையும் வரும். அங்கே வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ. குழந்தைகள், நாய்கள், காதில் கருவி மாட்டிய ஓட்டக்காரர்கள் எல்லாம் இருப்பார்கள், வளைவுகளும் ஏராளம். நிஜ சராசரி 13, 14க்கு வந்துவிடும், ஒரு சுற்றுக்கு எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். கலந்து போவதுதான் சரி. இருட்டோடு இருட்டாகச் சாலை, எட்டரைக்கு மேல் எங்கெல்லாம் வசதியோ அங்கெல்லாம் இணைப்புப் பாதை. இரவு 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பும் தேவை. சாலையில் தலைக்கவசமும், சைக்கிளில் வேலை செய்யும் கைபிரேக் ஒன்றாவதும் கட்டாயம்.

மலாக்கா, இரண்டு நாள்

உட்லண்ட்ஸ் கடற்பாலம் தாண்டி, ஸ்கூடாய், பொந்தியான், பத்து பகாட், மூவார், மலாக்கா. மலேசியாவின் 5ஆம் எண் கூட்டரசுச் சாலை இந்த ஊர்களைக் கோத்துப் போகிறது. பத்து பகாட் வரை சுமார் 130 கி.மீ., அங்கே தங்கல், மறுநாள் 95 கி.மீ. மேடு பள்ளம் அதிகம் இல்லை. அப்படியானால் சுலபம்தானே என்று தோன்றும்.

சிங்கப்பூரில் பழகியவர்களை அந்தச் சமதளம்தான் வாட்டும். இங்கே சில நிமிடங்களுக்கு ஒரு விளக்கு வரும், எழுந்து நிற்போம், கை உதறுவோம், இருக்கையிலிருந்து எடை விலகும். பொந்தியானுக்கு அப்பால் நாற்பது நிமிடம் நிற்கவே காரணம் இராது. கால் தாங்கும். மரத்துப்போன உள்ளங்கையும், தொடை இடுக்கில் தோல் உரிவதும்தான் இரண்டாம் நாளைக் கெடுக்கும். ஆகவே மலாக்காவுக்குப் பயிற்சி என்றால் விளக்கே இல்லாத பாதையில் நிற்காமல் ஓட்ட வேண்டும். தானா மேரா கோஸ்ட் ரோட்டில் மணிக்கணக்காகப் போய்வரலாம். ஓட்டத்துக்கு முந்தைய ஆறு வாரத்தில் இரண்டு முறையாவது சனி 80, ஞாயிறு 60 என்று அடுத்தடுத்த நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை இருக்கையில் உட்காரும்போது முகம் சுளிப்பவர் சீட்டின் உயரத்தையும் சாய்வையும் அப்போதே சரி செய்துகொள்ளட்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட் அளவுக்கு மீறி உயரம். முன்முழங்கால் வலித்தால் பெரும்பாலும் தாழ்வு. திணிப்பு வைத்த கால்சட்டைக்குள் உள்ளாடை போடாதீர்கள். உரசுவதே அதன் தையல்தான்.

எல்லையில் சைக்கிள்கள் மோட்டார்சைக்கிள் தடத்தில் போகும். வெள்ளி மாலையும் சனி காலையும் அங்கே புகை மூட்டத்துக்குள் நின்று நின்று நகர வேண்டியிருக்கும், அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே தாண்டிவிடுவது உத்தமம். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். குழுவில் வெளிநாட்டு மாணவர்கள் இருந்தால் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரர்களுக்கு அது தேவையில்லை. இதைக் கவனிக்காமல் ஓர் ஆள் சோதனைச்சாவடியில் நின்றுவிட்டால் மற்ற பத்தொன்பது பேரும் நிற்க வேண்டியதுதான்.

ஆதரவு வேனை இங்கிருந்து ஓட்டிப் போனால் மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வேண்டும். சிங்கப்பூர் விட்டுப் போகும்போது பெட்ரோல் தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்கவும் வேண்டும். ஜொகூரிலேயே வேனும் ஓட்டுநரும் அமர்த்துவது மலிவு, தலைவலியும் குறைவு. திரும்பி வரும்போது ஆட்கள் பேருந்தில் வருவார்கள், இருபது சைக்கிளுக்கு ஒரு லாரி வேண்டும். அந்தச் செலவைத் திட்டத்தில் எழுதாத குழுக்களே அதிகம். காப்புறுதியில் குழுச் சைக்கிளோட்டம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று சிறு எழுத்தையும் படியுங்கள்.

பெங்கேராங் படகு

சாங்கி பாயிண்ட் படகுத் துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். தஞ்சோங் பெங்கிலேயில் இறங்கி, சுங்கை ரெங்கிட் வழியாக டெசாரு போய்வர ஏறத்தாழ 100 கி.மீ. வாகனம் குறைந்த இடங்களும் உண்டு, பெங்கேராங் எண்ணெய் வளாகத்துக்குப் போகும் கனரக லாரிகளும் உண்டு. ஐந்தாறு நண்பர்களுக்கு அருமையான ஞாயிறு. இருபது பேருக்கு அப்படி அல்ல. சைக்கிளோடு ஏறினால் படகில் இடம் சீக்கிரம் தீரும், குழு மூன்று நான்கு படகாகப் பிரியும், முதல் படகில் போனவர் அந்தக் கரையில் வெயிலில் காத்திருப்பார். வேன் படகில் ஏறாது, ஜொகூர் பாரு வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். மாலையில் திரும்பும் படகைத் தவறவிட்டால் அங்கேயே தங்கல். படகில் சைக்கிளைக் கிடத்தும்போது செயின் உள்ள பக்கம் மேலே இருக்கட்டும். பின்பக்க கியர் மாற்றி அடியில் நசுங்கினால் அன்றைய ஓட்டம் துறையிலேயே முடிந்தது.

நின்ற இடத்தில்

மண்டபத்தில் ஐந்து சைக்கிளைப் பயிற்சித் தாங்கியில் பூட்டி, ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் மாறி மாறி 24 மணி நேரம் மிதிப்பது. மணிக்கு 25 என்று வைத்தால் ஒரு சைக்கிள் 600 கி.மீ., ஐந்தும் சேர்ந்து 3,000 கி.மீ. வான்வழியில் சென்னை சுமார் 2,900 கி.மீ. 'சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு' என்று ஒரு பலகை எழுதி, தாண்டிய தூரத்தை மணிக்கு மணி ஏற்றிக்கொண்டே போனால் அத்தைமாமாக்களும் சித்தப்பாக்களும் நள்ளிரவிலும் பணம் அனுப்புவார்கள். ஓட்டத் தெரியாதவரும் சேரலாம், விபத்துப் பயமில்லை, மழையும் தடையில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடத்துவதானால் நகர மன்ற அனுமதி வாங்க வேண்டும்.

ஆனால் காற்றோட்டம் இல்லாமல் மிதிப்பது சாலையில் போவதைவிடச் சூடு. ஆளுக்கு ஒரு பெரிய மின்விசிறி நேர் எதிரே வேண்டும். வியர்வை ஹேண்டில்பார் தண்டின் திருகுகள் மீதும் கழுத்துத் தாங்கிகள் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்குகள்) மீதும் சொட்டித் துருப்பிடிக்கும், அதனால் ஒரு துண்டை விரித்துப் போட்டு, முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். உடற்பயிற்சிக்கூட நிலைச்சைக்கிள் காட்டும் கிலோமீட்டருக்கு மதிப்பில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கில் காட்டும். அப்படியானால் தூரத்தை விட்டுவிட்டு, மிதித்த மணி நேரத்துக்கு நன்கொடை கேளுங்கள்.

பணக் கணக்கு

அறநிறுவனங்களின் நிதி திரட்டுக்கு 30/70 விதி உண்டு. திரட்டும் செலவு மொத்த வரவில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உதாரணமாக வேன், விடுதி, லாரி, காப்புறுதி எல்லாம் 4,000 வெள்ளி என்றால், அதை நன்கொடையிலிருந்து எடுக்க 13,334 வெள்ளியாவது திரள வேண்டும். தீவுச் சுற்றுக்கு 600 வெள்ளி செலவென்றால் 2,000 திரண்டாலே விதிக்குள் இருக்கும். மலாக்கா போகும் குழு பயணச் செலவை அவரவர் கையிலிருந்து போட்டு, நன்கொடையை அப்படியே அறநிறுவனத்துக்கு விடுவதுதான் கௌரவம். 'எங்கள் பணத்தில் ஊர் சுற்றுகிறார்கள்' என்று யாரும் சொல்ல இடமிராது.

நன்கொடையைக் கையில் வாங்காமல், ஐபிசி தகுதி (வரிக்கழிவுக்குரிய நன்கொடை வாங்கும் தகுதி) பெற்ற அமைப்பின் இணையப் பக்கத்துக்கே அனுப்பச் சொல்லுங்கள். கொடுப்பவர் அடையாள எண்ணைத் தந்தால் 2026 இறுதி வரை 250 விழுக்காடு வரிக்கழிவு அவருக்குக் கிடைக்கும், உண்டியலில் போட்டால் கிடைக்காது. தெருவில் உண்டியல் குலுக்க உரிமமும் தேவை. பணம் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கோ இலங்கைக்கோ போவதாக இருந்தால் பொதுமக்களிடம் கேட்கும் முன்பே அறநிறுவன ஆணையரின் அனுமதி பெற வேண்டும். விதிவிலக்கு தரப்படாவிட்டால், திரண்டதில் 80 விழுக்காட்டை சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டியிருக்கும். பல தமிழ் மன்றங்கள் சுவரொட்டி அச்சடித்த பிறகுதான் இதைக் கேள்விப்படுகின்றன.

எந்தச் சைக்கிள்

தீவைச் சுற்ற 20 அங்குல மடக்கு சைக்கிளே போதும். வேகம் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் குறையும், அவ்வளவுதான். மடித்தபின் 120 × 70 × 40 செ.மீ. அளவுக்குள் இருந்தால் எம்ஆர்டியில் ஏற்றலாம். பழுதானாலும் களைத்தாலும் வீடு திரும்ப வேன் தேடத் தேவையில்லை, மடங்காத சைக்கிளுக்கு இந்த வசதி இல்லை. மலாக்காவுக்கு வளைந்த ஹேண்டில்பார் உள்ள சாலைச் சைக்கிள்தான் ஏற்றது. கை வைக்க மூன்று நான்கு இடம் இருப்பதால் உள்ளங்கை மரப்பது குறையும். வாடகைப் பகிர்வு சைக்கிள் முதல் இரண்டு வாரம் உட்காரப் பழக உதவும், அதற்கு மேல் வேண்டாம்.

பழைய சைக்கிள் வாங்குகிறீர்களா? முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து ஹேண்டில்பாரை மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். நேர்க்கோட்டுக்கு வந்ததும் ஏதோ குழியில் விழுந்தாற்போல் அது தானாக நின்றால் கழுத்துத் தாங்கி வியர்வையிலும் மழையிலும் போயிருக்கிறது. பிறகு சீட் கம்பத்தைத் தளர்த்தி மேலே இழுத்துப் பாருங்கள், அசையாவிட்டால் விலை எதுவானாலும் விட்டுவிடுங்கள். இறுகிப்போன கம்பத்தை எடுக்கும் கூலி லாபத்தைத் தின்றுவிடும். செயின் தேய்மானத்தைப் பத்து வெள்ளி அளவுகோலே காட்டும்: பின்சக்கரத்தில் 8, 9 கியர் என்றால் நீட்சி 0.75 விழுக்காடு, 11 என்றால் 0.5 விழுக்காடு வரை போயிருந்தால் செயினை மாற்ற வேண்டும்.

டயர் 28 மி.மீ., 65 கிலோ ஆளுக்கு 70 முதல் 80 பிஎஸ்ஐ காற்று. ஆளுக்கு இரண்டு டியூப், குழுவுக்கு ஒரு பம்ப். பஞ்சரான டியூபில் அருகருகே இரண்டு கீறல் இருந்தால் காற்று குறைவாக வைத்து விளிம்பில் இடித்திருக்கிறீர்கள். ஒரே ஓட்டை என்றால் குத்தியது இன்னும் டயருக்குள்ளேயே இருக்கலாம். பெரும்பாலும் லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய எஃகுக் கம்பி. கண்ணுக்குத் தெரியாது, துணியை உட்புறம் சுற்றி இழுத்தால் நூல் மாட்டும். அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் மீண்டும் இறங்குவீர்கள்.

பயிற்சியும் தேதியும்

தீவுச் சுற்றுக்குப் பன்னிரண்டு வாரம் வேண்டும். ஞாயிறு நீண்ட ஓட்டம் 30, 38, 46 என்று ஏறி, நான்காம் வாரம் 34க்கு இறங்கும். பிறகு 55, 63, 71, மீண்டும் இறங்கி 50. அடுத்து 80, 90, 50. பன்னிரண்டாம் ஞாயிறு 120. வார நாளில் இரண்டு முறை ஒரு மணி நேரம். ஏற்றம் வேண்டுமானால் மவுண்ட் ஃபேபரும் சவுத் புவனா விஸ்தா ரோடும் இருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு 500 முதல் 750 மி.லி. தண்ணீரும், 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தும் உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. இருபது பேர், ஏழு மணி நேரம், மணிக்கு 600 மி.லி. என்றால் 84 லிட்டர். அதில் பாதியை லிம் சூ காங் தொடங்கும் முன் வைத்துவிடுங்கள். வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளாமல் உப்புச் சேர்ந்த பானமும் பாதிக்குப் பாதி இருக்கட்டும்.

தொழிற்கல்லூரிப் பருவம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது, பல்கலைக்கழகத் தேர்வு நவம்பரிலும் ஏப்ரல் கடைசியிலும் வருகிறது. இரண்டும் கலந்த குழுவுக்கு ஜூலை வசதியாகத் தெரியும். ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா சூறைக்காற்று விடியற்காலையில் அடிக்கும், ஜூனுக்குப் பிறகு புகைமூட்டமும் வரலாம். டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்க மழை பெய்யக்கூடும். பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் ஓரளவு நம்பக்கூடியவை. எந்தத் தேதி வைத்தாலும் அதற்கு அடுத்த ஞாயிற்றையும் மாற்று நாளாக முதலிலேயே எல்லாரிடமும் வாங்கி வையுங்கள். பத்தாம் வார 90 கிலோமீட்டரை உணவு இடைவேளை உட்பட ஐந்தரை மணி நேரத்துக்குள் முடிக்காதவர்கள் மூவருக்கு மேல் இருந்தால், அவர்களுக்கு உட்லண்ட்ஸ் வரையான 60 கிலோமீட்டரை மட்டும் கொடுத்து, அங்கிருந்து மீதிப் பாதிக்குப் புதிய ஆட்களை ஏற்றிவிடுங்கள்.